காதல் கதை சொன்ன கபிலர்: திருக்கோவிலூர் ஆற்றுப் பாறையில் முடிந்த வாழ்க்கை... யார் இவர்?

ஒரே பாட்டில் 99 பூக்களோட பெயரை அடுக்கியவர் என்றால் பள்ளிக்கூடத்தில் தமிழ் படித்தவர்களுக்குச் சட்டென ஞாபகம் வரும். கபிலர். ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த சங்கப் புலவர். அவர் கதை முடிந்ததாகச் சொல்லப்படும் இடம் இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டத்தில்தான் இருக்கு.

எழுதியதில் பெரும்பகுதி காதல். அதிலும் குறிஞ்சி, அதாவது கல்வராயன் மலை மாதிரியான மலைநாட்டில் நடக்கும் காதல். ஐங்குறுநூற்றில் குறிஞ்சிக்கான 100 பாடல்களும் இவருடையவை.

அந்த 99 பூக்கள் வருவது குறிஞ்சிப்பாட்டில். 261 அடிகள். ஆரிய அரசன் பிரகதத்தனுக்குத் தமிழ் அறிவிக்கப் பாடியது என்பது பழைய குறிப்பு. தமிழ்னா என்னன்னு கேட்டவருக்கு இலக்கணம் நடத்தாமல் ஒரு காதல் கதையைச் சொல்லியிருக்கிறார்!

கதை இதுதான். தினைப்புனம் காக்கப் போன பெண், நாய்களோடு வரும் இளைஞன், திடீரென ஓடிவரும் மதயானை. அம்பு எய்து அவளைக் காப்பாற்றுகிறான், காதல் பிறக்கிறது. ஊரறியத் திருமணம் செய்வேன் என்று வாக்கும் கொடுக்கிறான். பெண் மெலிந்துபோவதைப் பார்த்து வீட்டில் தவிக்கிறார்கள். அவளுடைய தோழி செவிலித்தாயிடம் விஷயத்தைப் பக்குவமாக எடுத்துச் சொல்கிறாள். பாட்டு முழுக்க அந்தத் தோழியின் பேச்சு. எழுதியது ஒரு ஆண் என்பதே மறந்துபோகும்.

சரி, அவர் சொந்த வாழ்க்கை?

அங்கே பெரிதாகத் தெரிவது நட்பு. பறம்பு மலையை ஆண்ட வள்ளல் பாரி இவருடைய உயிர் நண்பர். சிவகங்கை மாவட்டத்துப் பிரான்மலைதான் அந்தப் பறம்பு என்பார்கள். மூவேந்தர்களும் சேர்ந்து முற்றுகையிட்டும் மலையை எளிதில் பிடிக்க முடியவில்லை. கடைசியில் பாரி கொல்லப்பட்டார்.

அப்பாவையும் மலையையும் இழந்த பெண்களின் சோகம் புறநானூற்றில் அவர்கள் பெயரிலேயே தனிப் பாட்டாக இருக்கு. அங்கவை, சங்கவை என்ற பெயர்கள் பிற்கால வழக்கு. அந்தப் பெண்களுக்கு இனி யார்? பொறுப்பைக் கபிலர் எடுத்துக்கொண்டார்.

அவர் எழுதிய கதைகளில் பெண்ணே துணையைத் தேடிக்கொள்வாள். இங்கே நிலைமை வேற. முதலில் விச்சிக்கோன் என்ற மன்னரிடம் போய், இவர்கள் பாரியின் மக்கள், மணந்துகொள் என்று கேட்டார். நடக்கவில்லை. அடுத்து இருங்கோவேள். அவரும் மறுத்தார். கபிலருக்கு வந்ததே கோபம்! உன் முன்னோரின் ஊர் ஒரு புலவரை மதிக்காததால்தான் அழிந்தது என்று முகத்துக்கு நேராகவே பாடிவிட்டார். மூவேந்தர்களின் பகையை யார் வாங்கிக்கட்டிக்கொள்வது என்ற பயம் அந்த மன்னர்களுக்கு இருந்திருக்கலாம். மறுக்கப்பட்ட பெண்களுக்கு அது எப்படி வலித்திருக்கும் என்பதைச் சொல்ல ஒரு பாட்டும் இல்லை.

பிறகு பெண்களை அந்தணர்களிடம் ஒப்படைத்தார் என்கிறது புறநானூற்றுக் குறிப்பு. சேரன் செல்வக்கடுங்கோ வாழியாதனிடம் போனபோதும் பாரி இறந்ததைத்தான் முதலில் பேசினார். சேரன் கொடுத்த பரிசு நூறாயிரம் காணம், கூடவே குன்றின்மேல் நின்று கண்ணுக்கெட்டிய நாடெல்லாம் என்கிறது பதிற்றுப்பத்தின் பதிகம்.

திருக்கோவிலூருக்கு வருவோம். அன்று கோவலூர், மலையமான்களின் ஊர். மலையமான் திருமுடிக்காரியைக் கபிலர் ஏற்கெனவே பாடியிருக்கிறார். இங்குள்ள வீரட்டானேசுவரர் கோயிலில் முதலாம் ராஜராஜன் (985–1014) காலத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. பாரியின் அடைக்கலப் பெண்ணை மலையமானுக்குக் கொடுத்துவிட்டு, ஆற்றுப் பாறையில் கபிலர் தீப்புகுந்தார் என்று அது சொல்கிறது. தென்பெண்ணைக்குள் நிற்கும் அந்தப் பாறைதான் கபிலர் குன்று. உச்சியில் சின்னதாக ஒரு கோயில்.

ஆனால் புறநானூறு தீயைப் பற்றிப் பேசவில்லை. கபிலர் வடக்கிருந்தார், அதாவது உண்ணாமல் உயிர் விட்டார் என்கிறது அதன் குறிப்பு. அங்கே இருந்தபடி அவர் பாடிய பாட்டு பாரிக்கானது. என்னை உன்னோடு கூட்டிப்போகாமல் விட்டுவிட்டாயே, அடுத்த பிறவியிலாவது சேர்ந்திருப்போம் என்று நண்பனிடம் கேட்கிறார்.