ஆடு மேய்த்த சிறுவன் கட்டிய பாலங்கள்

குட்டீஸ்... நல்ல மழை பெய்து, உங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றால் என்ன ஆகும்? பள்ளி வேன் வராது. பால்காரர் வரமாட்டார். காய்கறி வண்டி எட்டிப் பார்க்காது. ஒரு தெரு கெட்டாலே நமக்கு இவ்வளவு திண்டாட்டம். ஒரு மாவட்டம் முழுவதும் ஆண்டு முழுக்க இப்படியே கிடந்தால்?

சுமார் 240 ஆண்டுகளுக்கு முன், இங்கிலாந்தில் ஷ்ராப்ஷயர் என்ற இடம் அப்படித்தான் கிடந்தது. நாம் மாவட்டம் என்று சொல்வதை அங்கே, 'கவுன்டி' என்பர். அந்த கவுன்டியில் நிலக்கரி இருந்தது. இரும்பு உருக்கும் உலைகள் இருந்தன. வேலை தேடி மக்களும் வந்து குவிந்தனர். ஆனால், செய்த பொருளை வெளியே கொண்டு போகத்தான் நல்ல வழி இல்லை. மழை பெய்தால் வண்டிகள் சேற்றில் புதைந்தன. ஆற்றில் வெள்ளம் வந்தால் பாலங்கள் உடைந்தன.

அந்த நிலையை மாற்றியவர் பெயர், தாமஸ் டெல்ஃபோர்டு. அவர் கல்லூரி வாசலை மிதித்ததே இல்லை. அவருடைய கதையைத்தான் இப்போது படிக்கப் போகிறீர்கள்.

ஸ்காட்லாந்தின் தெற்கே, எஸ்க்டேல் என்ற மலைப் பள்ளத்தாக்கில், 1757 ஆகஸ்ட் 9ம் தேதி பிறந்தான் தாமஸ். அப்பா ஜான், ஆடு மேய்ப்பவர். குழந்தை பிறந்த சில மாதங்களிலேயே அவர் இறந்து போனார். கைக்குழந்தையுடன் தவித்த அம்மா ஜேனட்டுக்கு உறவினரும், அக்கம் பக்கத்தினரும் கை கொடுத்தனர். கொஞ்சம் வளர்ந்ததும் தாமஸ் ஆடு மேய்த்தான். பண்ணைகளில் எடுபிடி வேலை செய்தான். கிடைத்த நேரத்தில் பள்ளிக்கும் போனான். வறுமை இருந்தாலும் அவன் முகத்தில் சிரிப்பு குறையவில்லை. அதனால் ஊரார் அவனுக்கு வைத்த செல்லப் பெயர், 'சிரிக்கும் டாம்!'

பள்ளிப் படிப்பு முடிந்ததும், பக்கத்தில் இருந்த லாங்ஹோம் என்ற ஊரில், கல் கொத்தும் வேலை கற்கச் சேர்ந்தான். அப்போது அந்தப் பகுதியில் மண் குடிசைகள் போய், கல் வீடுகள் வந்துகொண்டிருந்தன. மக்கள் இறங்கிக் கடந்த ஓடைகளின் மேல் பாலங்கள் எழுந்தன. ஒரு பாலம் வந்தால் ஊரே எப்படி மாறுகிறது என்பதை, உளியும் சுத்தியலும் கையில் பிடித்தபடி, தாமஸ் கண்ணெதிரே பார்த்தான்.

அந்த ஊரில் இருந்த மிஸ் பாஸ்லி என்ற வயதான பெண்மணியின் வீட்டில் நிறைய புத்தகங்கள் இருந்தன. இந்தப் பையனின் ஆர்வத்தைப் பார்த்து, அவர் புத்தகங்களை இரவல் கொடுத்தார். பகலில் கல், இரவில் புத்தகம். இதுவே தாமசின் கல்லூரி. தொழில் கற்றபின், தன் அப்பாவின் கல்லறைக்குத் தானே ஒரு கல் செதுக்கி வைத்தான்.

பின், 1780ல் எடின்பரோ, 1782ல் லண்டன் என்று வேலை தேடிப் பயணமானார். லண்டனில் அப்போது எழும்பிக்கொண்டிருந்த சோமர்செட் ஹவுஸ் என்ற பெரிய கட்டடத்தில் கல் கொத்தினார். 1784ல், போர்ட்ஸ்மவுத் கப்பல் தளத்தில் கட்டட வேலைகளை மேற்பார்வை செய்தார். அங்கே இரவில் வேதியியல் படித்தார். கொத்தனாருக்கு வேதியியல் எதற்கு என்கிறீர்களா? சுண்ணாம்புக் காரை எப்படி இறுகுகிறது என்று தெரிந்தால்தானே, சுவர் எத்தனை காலம் நிற்கும் என்று சொல்ல முடியும்!

ஊரில் தனியே இருந்த அம்மாவுக்குக் கடிதம் எழுதவும் அவர் மறக்கவில்லை. கூட்டெழுத்தில் எழுதினால் அம்மாவுக்குப் படிக்கச் சிரமம் என்பதால், ஒவ்வொரு எழுத்தையும் அச்சு எழுத்து போலத் தனித்தனியே எழுதி அனுப்பினார்.

எஸ்க்டேல் பகுதியைச் சேர்ந்த வில்லியம் புல்டனி என்ற பார்லிமென்ட் உறுப்பினர், டெல்ஃபோர்டின் திறமையை அறிந்திருந்தார். ஷ்ராப்ஷயரின் தலைநகர் ஷ்ரூஸ்பரியில் உள்ள பழைய கோட்டையைச் சீர் செய்ய, அவரை அழைத்தார். அந்த வேலையைத் தொடர்ந்து, 1787ல் அந்த கவுன்டியின் பொதுப்பணிகளுக்கே டெல்ஃபோர்டு பொறுப்பாளர் ஆனார். அப்போது வயது 30.

அடுத்த ஆண்டே ஒரு சோதனை வந்தது. ஷ்ரூஸ்பரியில் புனித சாட் என்ற பழமையான சர்ச் இருந்தது. கூரை ஒழுகுகிறது, என்ன செலவாகும் என்று பார்த்துச் சொல்லும்படி கேட்டனர். டெல்ஃபோர்டு போனார். கூரையைப் பார்த்தார், பின் சுவரைப் பார்த்தார், கடைசியில் தரையைப் பார்த்தார். அஸ்திவாரத்தை ஒட்டி கல்லறைகள் தோண்டித் தோண்டி, கோபுரத்தைத் தாங்கிய தூண் பலம் இழந்திருந்தது. சுவர்களில் விரிசல். கூரையை விடுங்கள், முதலில் சுவர்களைக் காப்பாற்றுங்கள். இல்லாவிட்டால் கட்டடமே விழும் என்று எச்சரித்தார்.

சர்ச் குழுவினர் சிரித்தனர். காசு பறிக்க, இந்தக் கொத்தனார் பயமுறுத்துகிறார் என்று நினைத்தனர். சில நாட்கள்தான். 1788 ஜூலை 9ம் தேதி அதிகாலை, கோபுரம் பெரும் சத்தத்துடன் சரிந்து, சர்ச்சின் மேல் விழுந்தது. ஆள் இல்லாத நேரம் என்பதால், நல்லவேளை யாருக்கும் ஆபத்து இல்லை. அதன்பின், டெல்ஃபோர்டு வாய் திறந்தால் ஊர் காது கொடுத்துக் கேட்டது.

கவுன்டி முழுவதும் சுற்றினார். எந்தச் சாலையில் தண்ணீர் தேங்குகிறது, எந்தப் பாலம் ஆட்டம் காண்கிறது, எந்த ஊருக்குச் சந்தை தூரம் என்று பார்த்துப் பார்த்து வேலை செய்தார். ஷ்ராப்ஷயரில் மட்டும் அவர் கட்டிய பாலங்கள், ஏறத்தாழ 40.

1795ல் செவர்ன் நதியில் பெருவெள்ளம். பாலங்கள் பல சேதமடைந்தன. பில்ட்வாஸ் என்ற ஊரின் பழைய கல் பாலம் அடித்துச் செல்லப்பட்டது. ஆனால், கொஞ்ச தூரத்தில், 1779ல் கட்டப்பட்ட உலகின் முதல் பெரிய இரும்புப் பாலம் மட்டும் அசையாமல் நின்றது. டெல்ஃபோர்டு அதைக் கவனித்தார். பில்ட்வாசில் புதிய பாலத்தை இரும்பிலேயே கட்டினார். பழைய இரும்புப் பாலத்தைவிட அகலமான இடைவெளியை இது தாண்டியது. இரும்போ அதில் பாதிகூடத் தேவைப்படவில்லை! அடுத்தவர் செய்ததைப் பார்த்துக் கற்று, அதைவிடச் சிறப்பாகச் செய்வதுதான் புத்திசாலித்தனம், இல்லையா?

நிலக்கரி, சுண்ணாம்புக்கல், இரும்பு போன்ற கனமான சரக்குகளுக்குச் சாலை மட்டும் போதாது. ஒரு குதிரை வண்டியில் இழுப்பதைப் போலப் பல மடங்கு பாரத்தை, அதே குதிரை தண்ணீரில் மிதக்கும் படகில் இழுத்துவிடும். எனவே, எல்ஸ்மியர் கால்வாய்த் திட்டம் உருவானது. 1793ல் அந்தப் பணியில் டெல்ஃபோர்டு சேர்ந்தார். வில்லியம் ஜெசப் என்ற மூத்த பொறியாளர் வழிகாட்டினார்.

வழியில் வேல்ஸ் பகுதியில், டீ நதியின் ஆழமான பள்ளத்தாக்கு குறுக்கிட்டது. கால்வாயைப் பள்ளத்தில் இறக்கி மறுபடி ஏற்றினால், நேரமும் தண்ணீரும் வீணாகும். என்ன செய்தார் தெரியுமா? பள்ளத்தாக்கின் மேல் ஒரு தொட்டிப்பாலம் கட்டினார். 18 கல் தூண்கள், அவற்றின் மேல் நீளமான இரும்புத் தொட்டி, அதில் தண்ணீர், தண்ணீரில் படகு! நீளம், 307 மீட்டர். உயரம், ஏறத்தாழ 38 மீட்டர். பத்து மாடிக் கட்டடத்தின் உச்சியில் படகு போவது போல! பொன்ட்கசுல்டே எனப்படும் இந்தப் பாலம், 1805 நவம்பரில் திறக்கப்பட்டது. 2009ல் யுனெஸ்கோ, இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

இதற்கிடையே, அவர் பிறந்த ஸ்காட்லாந்திலிருந்து அழைப்பு வந்தது. அதன் வடக்கு மலைப்பகுதியில் மக்கள் கூட்டம் கூட்டமாக ஊரைக் காலி செய்து, கப்பல் ஏறி அமெரிக்கா போய்க்கொண்டிருந்தனர். நிலங்கள் ஆட்டுப் பண்ணைகளாக மாறியதால் குடியானவர்களுக்கு வேலை இல்லை. வெளியே போய் வர வழியும் இல்லை. அரசு கேட்டுக்கொண்டபடி, டெல்ஃபோர்டு மலைமலையாக அலைந்து, ஒரு திட்டம் தந்தார். சாலையும், பாலமும், கால்வாயும், மீன்பிடித் துறையும் கட்டினால், இன்று கூலி கிடைக்கும். நாளை தொழில் வளரும் என்பதே அதன் சாரம்.

1803ல் பார்லிமென்ட் ஒப்புதல் கொடுத்தது. சாலைகளுக்குப் பாதிச் செலவு அரசு. மீதிப் பாதி அந்தந்தப் பகுதி நிலக்காரர்கள். 18 ஆண்டுகளில், 900 மைலுக்கு மேல் சாலைகளும், சிறிதும் பெரிதுமாக 1,000க்கு மேற்பட்ட பாலங்களும் எழுந்தன. மண்வெட்டி பிடிக்க வந்தவர்கள், கல் வேலையும் தச்சு வேலையும் கற்றுக்கொண்டனர். மாட்டு மந்தைகள் சந்தைக்குப் போயின. தபால் வண்டிகள் வந்தன.

எல்லாமே வெற்றிதானா? இல்லை, குட்டீஸ். கடலுக்குக் கடல் கப்பல் போக, கலிடோனியன் கால்வாயும் அவர் பொறுப்பில் தோண்டப்பட்டது. 60 மைல் நீளம், அதில் 22 மைல் புதிதாக வெட்டியது, மீதி ஏரிகள். ஏழு ஆண்டில் முடியும் என்று நினைத்தது, 1822ல்தான் திறக்கப்பட்டது. செலவும் எகிறியது. திட்டமிட்ட ஆழமும் தோண்டப்படவில்லை. அதற்குள் கப்பல்கள் பெரிதாகிவிட்டன! எதிர்பார்த்த வருமானம் வரவில்லை. அவர் மறைந்தபின், கால்வாய் மேலும் ஆழமாக்கப்பட்டு, 1847ல் மீண்டும் திறக்கப்பட்டது. நாளைய தேவையைக் கணிப்பது, எவ்வளவு பெரிய அறிஞருக்கும் கஷ்டம்தான்.

அதற்காக அவர் சோர்ந்துவிடவில்லை. லண்டனிலிருந்து அயர்லாந்துக்குப் போகிறவர்கள், வேல்ஸ் கரையில் மெனாய் என்ற நீரிணையைத் தாண்டி, ஆங்கில்சி தீவுக்குப் போய்க் கப்பல் ஏற வேண்டும். நீரோட்டம் பயங்கரமாக இருக்கும். 1785ல் அங்கே ஒரு படகு விபத்தில், 50க்கும் மேற்பட்டோர் மூழ்கி இறந்தனர். சந்தைக்குப் போகும் மாடுகளோ, தண்ணீரில் நீந்தியே கரை சேர வேண்டும்!

பாய்மரக் கப்பல்கள் கீழே போக வேண்டும் என்பதால், பாலம் 30 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும் என்று நிபந்தனை. டெல்ஃபோர்டு தொங்குபாலம் கட்டத் தீர்மானித்தார். 16 பெரிய இரும்புச் சங்கிலிகள். 1825 ஏப்ரலில் முதல் சங்கிலியை மிதவையில் கொண்டு வந்து, சுமார் 150 பேர் உருளைகளைச் சுற்றி இழுத்து ஏற்றினர். 1826 ஜனவரி 30ம் தேதி, பாலத்தின் மேல் தபால் வண்டி ஓடியது. இரு கோபுரங்களுக்கு இடையே 176 மீட்டர். அந்நாளில் உலகிலேயே நீளமான தொங்குபாலம் அதுதான். சங்கிலிகள் பின்னாளில் எஃகில் மாற்றப்பட்டன. ஆனால், அவர் எழுப்பிய கோபுரங்கள் இன்றும் நிற்கின்றன.

இவ்வளவு வேலை செய்தவர், சொந்த வீட்டைப் பற்றி நினைக்கவே இல்லை. திருமணம் செய்துகொள்ளவில்லை. லண்டன் வந்தால், சலோப்பியன் என்ற விடுதியில்தான் தங்குவார். அவரைப் பார்க்க ஆட்கள் வந்துகொண்டே இருந்ததால், விடுதிக்கு நல்ல வியாபாரம். 20 ஆண்டுகளுக்குப் பின் அவர் வேறு வீடு பார்த்துக் கிளம்பியபோது, விடுதியைப் புதிதாக வாங்கியவர் அலறிவிட்டாராம். விலை பேசும்போது, டெல்ஃபோர்டு அங்கே தங்கியிருப்பதற்காகவே 750 பவுண்டு கூடுதலாகக் கொடுத்திருந்தாராம்!

1820ல், சிவில் இன்ஜினியர்கள் சங்கத்தின் முதல் தலைவரானார். இளம் பொறியாளர்கள் ஒருவர் அனுபவத்தை மற்றவர் அறிந்து கற்க, அந்தச் சங்கத்தை வளர்த்தார். 1834 செப்டம்பர் 2ம் தேதி காலமானார். பெரிய மனிதர்களை அடக்கம் செய்யும் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில், அந்த ஆடு மேய்த்த சிறுவனுக்கும் இடம் கிடைத்தது.

தன் உயிலில், பிறந்த ஊர்ப் பகுதியில் இருந்த இரண்டு நூலகங்களுக்குப் பணம் எழுதி வைத்திருந்தார் அவர். இரவல் புத்தகத்தால் உயர்ந்தவர் அல்லவா! 1968ல், ஷ்ராப்ஷயரில் உருவான ஒரு புதிய நகரத்துக்கு, டெல்ஃபோர்டு என்றே பெயர் சூட்டினர்.

குட்டீஸ்... நாளை பள்ளிக்குப் போகும்போது, வழியில் உள்ள சின்னப் பாலத்தை ஒரு நிமிடம் நின்று பாருங்கள். அது இல்லாவிட்டால், யார் யார் எங்கெங்கே போக முடியாது என்று யோசியுங்கள். அடுத்து, அதன் அடியிலும் எட்டிப் பாருங்கள். கூரையைப் பார்க்கப் போய், அஸ்திவாரத்தைப் பார்த்தவர் டெல்ஃபோர்டு. அந்தப் பழக்கம் உங்களுக்கும் வந்துவிட்டால், நம் ஊருக்கும் நல்ல காலம்தான்!