ஆக்னஸ் பொக்கெல்ஸ் அம்மையார்

எண்ணெய்ப் பாத்திரம் துலக்குவது என்றால் நம்மில் பலருக்கும் முகம் சுருங்கிவிடும். அந்த வேலையிலேயே அறிவியல் கண்ட ஒரு பெண்மணியின் வரலாற்றைக் காண்போம்.

ஆக்னஸ் 1862-ஆம் ஆண்டு வெனிஸ் நகரில் பிறந்தார். ஆஸ்திரியப் படையில் பணியாற்றிய தந்தையார் மலேரியாவால் நலிந்து ஓய்வு பெறவே, 1871-இல் குடும்பம் ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் குடியேறியது. பெண்கள் பள்ளியில் பயின்ற ஆக்னசுக்கு இயற்பியல் மீது தீராத ஆசை. ஆனால் அக்காலத்தில் அங்கே பல்கலைக்கழகக் கதவு பெண்களுக்குத் திறக்கவில்லை. தம்பி பிரீட்ரிக் படிக்கச் சென்றார். அக்காள் நோயுற்ற பெற்றோரையும் வீட்டையும் கவனித்தார். தம்பி தந்த நூல்களே அவருக்குக் கல்லூரி.

கழுவும் நீரில் எண்ணெய் படர்வதை உற்றுநோக்கிய அவர், இருபது வயதளவில் 70 செ.மீ. நீளமும் 5 செ.மீ. அகலமும் உள்ள ஒரு தகரத் தொட்டியை அமைத்தார். குறுக்கே வைத்த தகரப் பட்டையை நகர்த்தி எண்ணெய்ப் படலத்தை நெருக்கினார். ஒரு சிறு பொத்தானை நீரிலிருந்து பிரித்தெடுக்க எவ்வளவு எடை வேண்டும் என்று தராசில் அளந்தார். சுமார் பத்து ஆண்டுகள் கேட்பாரில்லை. 1891-இல் இங்கிலாந்தின் ராலே பிரபுவுக்குக் கடிதம் எழுதினார். பிரபுவின் மனைவியார் மொழிபெயர்க்க, அது 'நேச்சர்' இதழில் வெளிவந்தது.

நீரில் கரையாத பொருளைப் பென்சீனில் கரைத்து நீர்மேல் துளியாக விடும் முறையையும் இவர் கையாண்டார். பென்சீன் ஆவியாகிவிடும், பொருள் மட்டும் மெல்லிய படலமாக நிற்கும்.

அந்தத் துளி எங்கே போய்ச் சேர்ந்தது தெரியுமா? நம் இரத்தத்திற்கே! 1925-இல் ஹாலந்தின் லைடன் நகரில் குழந்தை மருத்துவர் கோர்ட்டரும் கிரெண்டலும் சிவப்பணுக்களின் கொழுப்பை அசிட்டோனால் பிரித்தெடுத்தனர். சிவப்பணுவின் சவ்வில் உள்ள கொழுப்பு மூலக்கூறுகள், நீரை ஒதுக்கும் தங்கள் வாலை உள்ளே மறைத்து நெருங்கி நிற்கின்றன. அசிட்டோன் வந்தால் வாலை மறைக்கத் தேவையில்லை. அவை பிரிந்து கரைய, சவ்வு குலைகிறது. அக்கொழுப்பைப் பென்சீனில் கரைத்து, லாங்மூர் திருத்தியமைத்த தொட்டியில் பரப்பினர். அணுக்களின் பரப்பைப் போல் இரு மடங்கு இருந்தது. ஆகவே சவ்வு ஈரடுக்கு என்றனர். உண்மையில் அசிட்டோன் எல்லாக் கொழுப்பையும் கரைக்கவில்லை. அணுவின் பரப்பையும் அவர்கள் குறைத்தே கணக்கிட்டிருந்தனர். இரு பிழைகளும் ஒன்றையொன்று ஈடுகட்டி விடை சரியாயிற்று! எங்கள் கணக்குத் தாளில் இப்படி நடந்தால் மதிப்பெண் கிடைக்குமா என்பது ஐயமே.

லாங்மூருக்கு 1932-இல் நோபல் பரிசு கிடைத்தது. அதே ஆண்டில் பிரவுன்ஷ்வைக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், மாணவியாக ஒரு நாளும் அமர்ந்திராத எழுபது வயது ஆக்னஸ் அம்மையாருக்கு மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கியது. 1935-இல் அவர் மறைந்தார்.