கண்ணியத்திற்குரிய காயிதே மில்லத்

காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயில் சாஹிப் அவர்கள் 1896 ஜூன் 5 அன்று திருநெல்வேலிப் பேட்டையில் பிறந்தார்கள். ஒத்துழையாமை இயக்கத்தின் அழைப்பை ஏற்று 1920-இல் கல்லூரிப் படிப்பைத் துறந்தார்கள். தோல் வணிகத்தில் ஈடுபட்டார்கள். 1946-இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்தின் எதிர்க்கட்சித் தலைவரானார்கள்.

1947-இல் நாடு பிரிந்தது. முஸ்லிம் லீக் என்ற பெயரைச் சொல்லவே பலர் அஞ்சினர். கட்சியைக் கலைத்துவிடலாம் என்று உள்ளிருந்தவர்களே கூறினர். 1948 மார்ச் 10 அன்று, இன்று ராஜாஜி மண்டபம் எனப்படும் இடத்தில் கூடியவர்கள் கலைப்பதில்லை என முடிவு செய்தனர். இந்திய யூனியன் முஸ்லிம் லீக்கின் தலைமை அன்னாரிடம் வந்தது. அதைப் பதவி என்பதைவிடப் பாரம் என்பதே பொருந்தும்.

அரசியல் நிர்ணய சபையில் அன்னாரின் குரலுக்குப் பெரும்பான்மை கிட்டவில்லை. எச்சமூகத்தையும் தனது தனியார் சட்டத்தைக் கைவிடும்படி கட்டாயப்படுத்தலாகாது என்று 1948 நவம்பரில் கொண்டுவந்த திருத்தம் ஏற்கப்படவில்லை. தனித் தேர்தல் தொகுதி கோரிய 1949 மே மாதத் திருத்தமும் தோற்றது. அதற்காக வாய்மூடி இருந்துவிடவில்லை. அவ்வாண்டு செப்டம்பரில் ஆட்சிமொழி விவாதம் எழுந்தபோது, தொன்மையே அளவுகோல் எனில் அத்தகுதி தமிழுக்கே உரியது என வாதிட்டார்கள். முஸ்லிம் என்றால் உருது என்று எண்ணியிருந்தோருக்கு அது வியப்பாகவே இருந்திருக்கும்.

1952 முதல் 1958 வரை மாநிலங்களவை உறுப்பினராக இருந்தார்கள். பின்னர் 1962, 1967, 1971 ஆகிய மூன்று தேர்தல்களிலும், கேரளத்தின் மஞ்சேரித் தொகுதி மக்கள் தமிழரான அன்னாரையே மக்களவைக்கு அனுப்பினர். 1972 ஏப்ரல் 5 அன்று சென்னையில் வஃபாத்தானார்கள். திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசல் வளாகத்தில் அடக்கம் செய்யப்பட்டார்கள்.