சாண்டோ

மதுரை மாநகரைச் சூழ்ந்த சமவெளிச் சிற்றூர்கள் சிலவற்றில், ஊர் மந்தையிலோ கோயில் முகப்பிலோ, உருண்டு திரண்ட கருங்கல் ஒன்று பாதி மண்ணில் புதைந்து கிடப்பதைக் காணலாம். இளவட்டக்கல் என்பது அதன் பெயர். அக்கல்லைத் தூக்கித் தோளின் வழியே பின்புறம் எறிந்த காளைக்கே முற்காலத்தில் பெண் கொடுத்தனர் என்று முதியோர் கூறுவர். அதனைத் தூக்குவதிலும் படிகள் உண்டு. முதலில் தரையினின்று கிளப்ப வேண்டும். பின்பு முழங்காலுக்கு ஏற்ற வேண்டும். அதன்பின் மடிக்கும், அப்பால் மார்புக்கும், இறுதியாகத் தோளுக்கும் கொண்டு செல்ல வேண்டும். பழகாத இளைஞன் ஒருவன் வீம்பினால் முதல் நாளிலேயே தோளுக்கு ஏற்ற முயல்வானாயின், இடுப்பைப் பிடித்துக்கொண்டு வீடு திரும்புவான்.

இத்தகைய ஊர்களிலேகூட, உடற்கட்டு வாய்ந்தவனைச் சாண்டோ என்று அழைக்கும் வழக்கம் இருபதாம் நூற்றாண்டில் வேரூன்றியது. திரைப்பட உலகில் பெயர் பெற்ற சின்னப்பா தேவருக்கு அச்சொல் பட்டமாகவே அமைந்தது. கையில்லாத பனியனைச் சாண்டோ பனியன் என்று கேட்டு வாங்குவோர் இன்றும் உளர். கடைக்காரரும் அறியார், வாங்குவோரும் அறியார், அஃது ஒரு மனிதரின் பெயர் என்பதை.

அம்மனிதர் 1867-ஆம் ஆண்டு ஏப்ரல் 2-ஆம் நாள் பிரஷ்ய நாட்டின் கோனிக்ஸ்பர்க் நகரில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் பிரீட்ரிக் வில்ஹெல்ம் முல்லர் என்பது. யூஜின் சாண்டோ என்பது மேடைக்காக அவர் பூண்டுகொண்ட பெயர். இளமையில் தாம் மெலிந்த சிறுவராய் இருந்ததாகவும், தந்தையாருடன் இத்தாலி நாட்டுக்குச் சென்றபோது அங்கிருந்த பழங்காலச் சிலைகளின் தோளும் மார்பும் கண்டு வியந்து, அத்தகைய மனிதர் இக்காலத்தில் இல்லாமை ஏன் என்று வினவியதாகவும் அவர் பிற்காலத்தில் எழுதினார். பின்னாளைய ஆய்வாளர் இக்கதையை அப்படியே ஏற்பதில்லை. கதை எவ்வாறாயினும், அச்சிலைகளின் வடிவம் அவர் உள்ளத்தில் பதிந்துவிட்டது என்பதில் ஐயமில்லை. அவருடைய வாழ்நாள் முழுவதும் அதற்குச் சான்று.

ஏறத்தாழப் பதினெட்டு வயதில், கட்டாயப் படைச் சேவைக்கு உட்பட விரும்பாமல் அவர் தாய்நாட்டை விட்டு வெளியேறினார். சர்க்கஸ் குழுவில் சேர்ந்து உடல் வித்தைகள் காட்டினார். ஓவியருக்கும் சிற்பியருக்கும் மாதிரியாக நின்றும் பொருள் ஈட்டினார். பெல்ஜிய நாட்டுப் பிரஸ்ஸல்ஸ் நகரில் அட்டிலா என்னும் பெயருடைய உடற்பயிற்சி ஆசிரியரை அவர் கண்டதே அவர் வாழ்வின் திருப்பம். வெறும் சுறுசுறுப்பு மட்டும் உடையவராய் வந்த இளைஞரை, எடை மிகுந்த இரும்புக் குண்டுகளைப் படிப்படியாகத் தூக்குமாறு அட்டிலா பழக்கினார். ஆண்டுகள் சில சென்றன. அவ்வாண்டுகளைப் பற்றி நூல்கள் மிகுதியாகப் பேசுவதில்லை. பேசுதற்கு அங்கே என்ன இருக்கிறது! நாள்தோறும் அதே அறை, அதே குண்டு, அதே வியர்வை. ஆயினும் சாண்டோ என்னும் மனிதர் உருவானது அங்கேதான்.

1889-ஆம் ஆண்டு இலண்டன் மாநகரில் சாம்சன் என்று தம்மை அழைத்துக்கொண்ட பலசாலி ஒருவர், தம்மை வெல்வோர்க்கு 500 பவுன் பரிசளிப்பதாக மேடைதோறும் அறைகூவினார். நவம்பர்த் திங்களில் ஒரு நாள் இரவு, ராயல் அக்வேரியம் என்னும் அரங்கில், மேனாட்டார் மாலை விருந்துக்கு அணியும் உடையில் ஓர் இளைஞர் எழுந்து மேடைக்குச் சென்றார். அவ்வுடையில் அவர் பருமன் வெளிப்படவில்லை. அவையோர் நகைத்தனர். மேலாடையைக் களைந்ததும் நகைப்பு அடங்கியது. சாம்சனும் அவர் மாணவரும் செய்து காட்டிய அருஞ்செயல்களை அவரும் செய்து காட்டினார். சங்கிலியைக் கைத்தசையின் புடைப்பால் அறுத்தும் காட்டினார். மறுநாள் இலண்டன் முழுதும் சாண்டோ என்பதே பேச்சாயிற்று. ஓரிரவில் புகழ் பெற்றார் என்று உலகம் கூறிற்று. பிரஸ்ஸல்ஸ் நகரத்து அறையை உலகம் அறியாது.

1893-ஆம் ஆண்டு அமெரிக்கா சென்றார். ஹார்வர்டு பல்கலைக்கழகத்து உடற்பயிற்சி அறிஞர் டாக்டர் சார்ஜென்ட் அவர் உடலை உறுப்புறுப்பாக அளந்து ஆராய்ந்தார். மறு ஆண்டு எடிசனின் நிலையத்தார் அவர் தசையசைவுகளை அசையும் படமாகப் பிடித்தனர். திரைப்படத்தின் தொடக்க நாள்களில் எடுக்கப்பட்ட படங்களுள் அதுவும் ஒன்று. அவ்வாண்டே சான் பிரான்சிஸ்கோவில் சிங்கத்தோடு பொருவதாக விளம்பரம் செய்து ஒரு காட்சியும் நடத்தினார். வாயும் நகமும் கட்டப்பட்ட அச்சிங்கம் போரிட மனமின்றி நின்றது. பணம் கொடுத்து வந்தோர் கூச்சலிட்டனர். புகழ் வேட்கை பெரியோரையும் இவ்வாறு சிறுமைப்படுத்தும்.

மேடை வித்தைகளோடு நின்றிருந்தால் அவரும் மறைந்துபோன பல பலசாலிகளுள் ஒருவராகியிருப்பார். 1897-ஆம் ஆண்டு இலண்டனில் உடற்பயிற்சி நிலையம் ஒன்றைத் தொடங்கி, வலிமை பெறும் வழி பற்றிய நூல் ஒன்றையும் வெளியிட்டார். அடுத்த ஆண்டு ஒரு திங்களிதழும் வெளிவந்தது. அலுவலகத்தில் குனிந்து எழுதும் எழுத்தரும், கடையில் நின்று உழைக்கும் இளைஞரும் அவருக்கு மாணவராயினர். அஞ்சல் வழியாகவே பயின்றோரும் மிகப் பலர்.

அவர் வகுத்த முறை எளியது. பயிற்சி தொடங்குமுன் மாணவன் அளவு நாடாவால் தன் கழுத்து, மார்பு, புயம், முன்கை, இடுப்பு, தொடை ஆகியவற்றை அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். அதன்பின் வயதுக்கு ஏற்ப வகுத்த அட்டவணைப்படி, சில இராத்தல் எடையே உள்ள டம்பெல்களைக் கையில் கொண்டு பயில வேண்டும். முதல் நாளில் சில முறை. பின்னர் ஒவ்வொன்றாகக் கூட்டுதல். சில திங்கள் கழித்து மீண்டும் அளந்து, பழைய ஏட்டோடு ஒப்பிடுதல். அடுத்த வீட்டானின் புயத்தோடும் ஒப்பிட வேண்டுவதில்லை. ஆசிரியராகிய சாண்டோவின் புயத்தோடும் ஒப்பிட வேண்டுவதில்லை. கிரேக்கச் சிலைகளை மனத்தில் கொண்டிருந்த மனிதர், மாணவர் கையில் கொடுத்தது சிலையை அன்று, அளவு நாடாவை.

இம்முறையின் பொருத்தத்தை இன்றைய உடல் நூல் விளக்குகிறது. பயிற்சி செய்யும் நேரத்தில் தசை வளர்வதில்லை. பயிற்சியால் தூண்டப்பட்ட நார்கள், பின்னர் உணவாலும் உறக்கத்தாலும் தடிக்கின்றன. முதற் சில கிழமைகளில் ஒருவன் முன்னிலும் மிகுதியாகத் தூக்குகிறான் எனின், அதற்குப் பெருங்காரணம் தசைப் பெருக்கம் அன்று. நரம்புகள் தசையைத் திறம்பட ஏவக் கற்றுக்கொண்டமையே ஆகும். கண்ணுக்குத் தெரியும் மாற்றத்துக்குத் திங்கள்கள் வேண்டும். நிலைத்த கட்டுக்கு ஆண்டுகள் வேண்டும். எலும்பின் நீளமும் தோளின் அகலமும் பெரும்பாலும் பிறப்பிலேயே அமைந்தவை. அவற்றை மாற்றும் பயிற்சி எதுவும் இல்லை. ஒரு திங்களில் சாண்டோ ஆகலாம் என்று எண்ணித் தொடங்கியவன் இரண்டாம் திங்களில் டம்பெலைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுவான். மூன்று திங்களில் மார்பு அரை அங்குலம் விரிந்தால் போதும் என்று தொடங்கியவன் மூன்றாண்டு கழித்தும் அதனைக் கையில் பிடித்திருப்பான்.

இங்கு ஒன்றை மறைத்தல் தகாது. சாண்டோ தம் உடலை இலேசான டம்பெல்களால் மட்டும் வளர்த்தவர் அல்லர். அட்டிலாவிடம் தூக்கிய பேரெடைகளின் பயனே அவருடைய வலிமை. இயற்கை அளித்த உடலமைப்பும் அதற்குத் துணை நின்றது. பொதுமக்களுக்கு விற்ற கருவிகளின் விளம்பரங்களோ இவ்வேற்றுமையை எடுத்துக் கூறவில்லை. நாளுக்குச் சிறிது நேரம் போதும் என்னும் சொல் கேட்க இனியது. உடல் நலத்துக்கு அது பெரிதும் உண்மை, சாண்டோவின் உடலுக்கு அஃது உண்மையன்று. அவருடைய படத்தைச் சுவரில் ஒட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்று ஏமாந்த இளைஞர் அந்நாளிலும் இருந்திருப்பர்.

ஆனால் அவர் நடத்திய பெரும்போட்டி அக்குறையை ஓரளவு ஈடுசெய்தது. 1898-இல் அறிவிக்கப்பட்ட அது முடிவுற மூன்று ஆண்டுகள் ஆயின. இங்கிலாந்தின் மாவட்டந்தோறும் முதற்போட்டிகள் நடந்தன. அவற்றில் தேறியோர் 1901-ஆம் ஆண்டு செப்டம்பர் 14-ஆம் நாள் இலண்டன் ஆல்பர்ட் மண்டபத்தில் கூடினர். சிற்பியார் சார்லஸ் லாஸ், துப்பறியும் கதைகளால் புகழ்பெற்ற ஆர்தர் கானன் டாயில் ஆகிய இருவரும் சாண்டோவோடு அமர்ந்து தீர்ப்பளித்தனர். மிகப் பருத்த தசைக்கே பரிசு என்பது அங்கு விதியன்று. உடல் முழுவதன் ஒத்த வளர்ச்சி, தசையின் திண்மை, தோலின் தன்மை, பொதுவான நலம் ஆகியவையே நோக்கப்பட்டன. புயம் பருத்துக் கால் மெலிந்தவனுக்கு அங்கே இடமில்லை. நாட்டிங்காம் நகரைச் சார்ந்த முர்ரே என்பவர் முதற்பரிசு பெற்றார். பரிசாக அளிக்கப்பட்டது சாண்டோவின் உருவச் சிலையே. உடற்கட்டுக் கலையின் மிகப் பெரிய போட்டி என மதிக்கப்படும் மிஸ்டர் ஒலிம்பியாவில் வெல்வோர்க்கும் அவ்வடிவச் சிலையே வழங்கப்பட்டு வருகிறது.

1904, 1905-ஆம் ஆண்டுகளில் சாண்டோ இந்தியாவுக்கு வந்தார். கல்கத்தா, பம்பாய் முதலிய நகரங்களில் அவர் காட்சிகளைக் காணப் பெருங்கூட்டம் திரண்டது. மெலிந்த இனத்தார் என்று ஆட்சியாளரால் இகழப்பட்ட மக்களுக்கு, மெலிவு விதியன்று, முயன்றால் மாற்றத்தக்கது என்னும் செய்தி எவ்வளவு இனித்திருக்கும்! மல்லும் தண்டாலும் கரலாக்கட்டையும் இந்நாட்டுக்குப் புதியன அல்ல. அவற்றோடு அளவு நாடாவும் அட்டவணையும் வந்து சேர்ந்தன.

1911-ஆம் ஆண்டு ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் அவரைத் தமக்கு உடற்பயிற்சிப் பேராசிரியராக அமர்த்தினார். அதன்பின் முதல் உலகப்போர் வந்தது. பிறப்பால் ஜெர்மானியர் என்னும் ஐயப்பார்வை அவர்மீது விழுந்தது. அவர் பெயரில் நடந்த கோக்கோ வாணிகமும் வீழ்ந்தது. 1925-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாள், 58-ஆம் வயதில், இலண்டனில் மறைந்தார். பள்ளத்தில் விழுந்த மோட்டார் வண்டியைத் தனியே தூக்கியதனால் இறந்தார் என்று ஒரு கதை உலவியது. மருத்துவர் குறித்த காரணம் பெருந்தமனி நோய். உலகமே கண்டு வியந்த அவ்வுடல் பட்னி வேல் இடுகாட்டில் பெயர்க்கல் இன்றி நெடுங்காலம் கிடந்தது.

அவர் மறைந்த காலத்தில் பெங்களூரில் கே. வி. ஐயர் என்பவர் உடற்பயிற்சிக்கூடம் நடத்தி வந்தார். கோலார்ப் பகுதியில் பிறந்த அவர், மேனாட்டு எடைப்பயிற்சியோடு சூரிய நமஸ்காரத்தையும் யோகாசனத்தையும் இணைத்து, அஞ்சல் வழியாகவும் மாணவரைப் பயிற்றினார். அவரோடு ஊர் ஊராகச் சென்று மேடையில் ஆசனங்களைச் செய்துகாட்டி விளக்கியவர் சுந்தரம் என்னும் வழக்கறிஞர். ஆசனங்களைப் புகைப்படங்களோடு விளக்கும் அவருடைய ஆங்கில நூல் 1928-இல் வெளிவந்தது. ஆல்பர்ட் மண்டபத்தில் அப்போட்டி நடந்த 1901-ஆம் ஆண்டிலேதான் சுந்தரம் பிறந்தார். பிறந்த ஊர் மதுரை.