தமிழின் முதல் அச்சு நூல்களைத் தேடிச் சென்ற தனிநாயகம் அடிகளார்

தமிழ் அச்சுக்கலையின் வரலாறு 16ஆம் நூற்றாண்டிலேயே தொடங்கிவிட்டது என்று இன்று நாம் பெருமையுடன் சொல்கிறோம். அந்தப் பெருமைக்குச் சான்று தேடி ஐரோப்பிய நூலகங்களின் படியேறிய அறிஞர்களுள் முக்கியமானவர் தவத்திரு சேவியர் தனிநாயகம் அடிகளார். கோலாலம்பூரில் வாழ்ந்து பணியாற்றியவர் என்பதால் மலேசியத் தமிழர்களுக்கு அவர் நெருக்கமானவர்.

1913 ஆகஸ்ட் 2ஆம் நாள், யாழ்ப்பாணத்தை அடுத்த ஊர்காவற்றுறைப் பகுதியில் உள்ள கரம்பொன் என்ற ஊரில் பிறந்தார். கொழும்பிலும் ரோமாபுரியிலும் சமயக் கல்வி பயின்று 1938இல் குருவானார். ஐரோப்பிய மொழிகள் பலவற்றை அறிந்திருந்தும், தாய்மொழியின் இலக்கியத்தை அவர் அதுவரை முறையாகப் படித்ததில்லை.

அந்தக் குறை 1940இல் திருநெல்வேலி வடக்கன்குளத்தில் ஆசிரியராகச் சேர்ந்த பிறகே தீரத் தொடங்கியது. ஏறத்தாழ 27 வயதில், பண்டிதர் ஒருவரிடம் மாணவராக அமர்ந்து தமிழ் கற்றார். பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, சங்கப் பாடல்களில் இயற்கை பெறும் இடத்தை ஆராய்ந்தார். தமிழின் சிறப்பைத் தமிழரல்லாதாரும் அறிய வேண்டும் என்பதற்காக 1952 முதல் ‘தமிழ்க் கல்ச்சர்’ என்ற ஆங்கில ஆய்விதழை நடத்தினார்.

1950களில் ஐரோப்பா சென்றபோது, அங்குள்ள நூலகங்களில் பழைய தமிழ் ஏடுகளையும் அச்சு நூல்களையும் தேடினார். லிஸ்பனில் 1554இல் அச்சான ‘கார்த்தில்யா’ என்ற சமயக் கையேட்டைக் கண்டார். அதன் மொழி தமிழ். எழுத்தோ ரோமன் எழுத்து. வத்திக்கான் நூலகத்தில் 1586ஆம் ஆண்டின் ‘அடியார் வரலாறு’ நூலைப் பார்த்தார். 1578இல் கொல்லத்தில் ஹென்றிக்கஸ் அடிகளார் தமிழ் எழுத்துகளிலேயே அச்சிட்ட 16 பக்க நூல் ‘தம்பிரான் வணக்கம்’. இத்தகைய தொடக்ககால அச்சு நூல்களைப் பற்றி 1958இல் தம் இதழில் கட்டுரை எழுதி, ஆய்வுலகின் கவனத்தை ஈர்த்தார்.

வத்திக்கானில் அவர் கண்ட மற்றொரு புதையல், புரோயென்சா என்ற போர்த்துகீசியக் குரு தொகுத்த தமிழ் - போர்த்துகீசிய அகராதி. தொகுத்தவர் 1666இல் மறைந்தார். நூலோ 1679இல்தான் கேரளத்தின் அம்பலக்காட்டில் அச்சானது. 16,000க்கும் மேற்பட்ட சொற்கள் கொண்ட அந்த அகராதியில், அன்றைய மக்களின் பேச்சு வழக்கும் பதிவாகியிருந்தது.

அடிகளார் 1961 முதல் 1969 வரை மலாயாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றி, இந்திய ஆய்வியல் துறைக்குத் தலைமை தாங்கினார். 1966இல் அந்த அகராதியைக் கோலாலம்பூரிலிருந்தே மறுபதிப்பாக வெளியிட்டார். ஏறத்தாழ 300 ஆண்டுகள் தமிழர் கைக்கு எட்டாமல் இருந்த நூல், மலேசிய மண்ணிலிருந்து மீண்டும் உலகுக்குக் கிடைத்தது. அதே ஆண்டு ஏப்ரலில் முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடும் அவரது பெருமுயற்சியால் கோலாலம்பூரில் நடந்தது. பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் அதைத் தொடக்கி வைத்தார்.

1980 செப்டம்பர் 1ஆம் நாள் அடிகளார் மறைந்தார்.

உணர்ச்சியோடு பெருமை பேசுவது எளிது. சான்றைக் கையில் வைத்துப் பேசுவதே நிலைக்கும் என்பதை அவர் வாழ்க்கை காட்டுகிறது. எங்கோ ஒரு நூலகம் ஒரு படியைக் காப்பாற்றி வைத்திருந்ததால்தான் அந்தச் சான்று நமக்குக் கிடைத்தது. நம் வீட்டு அலமாரியில் கிடக்கும் பழைய தோட்டப் பள்ளி மலரும், கோயில் திருவிழா அழைப்பிதழும், சங்க ஆண்டறிக்கையும் நாளை நம் வரலாற்றுக்குச் சான்றாகலாம். பழைய காகிதம் வாங்குபவரிடம் எடைக்குப் போடும் முன் ஒருமுறை புரட்டிப் பார்ப்போம்.