கோடு போட்ட ஆசிரியர்

(இளநிலைக் கணிப்பொறி அறிவியல், மூன்றாம் ஆண்டு)

சென்ற ஐப்பசி மாதத்தில் ஒரு மாலை. மறுநாள் எங்களுக்குச் செய்முறைத் தேர்வு. நான் எழுதி முடித்திருந்த நிரல்களைப் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு கல்லூரிக்கு வர வேண்டும். என் மடிக்கணினியோ பென் டிரைவைக் கண்டுகொள்ளவே மறுத்தது. இடப்பக்கம் செருகினேன், வலப்பக்கம் செருகினேன், துடைத்துவிட்டுச் செருகினேன். பயன் இல்லை. அம்மா மகளிர் குழுவில் கடன் வாங்கி, ஒருவர் பயன்படுத்திய பொருளாகப் பார்த்து வாங்கித் தந்த மடிக்கணினி அது. வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. கடனில் மூன்று தவணைகூடக் கட்டி முடியவில்லை.

பழுது பார்க்கும் கடைக்கு எடுத்துக்கொண்டு ஓடினேன். கடைக்காரர் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, மதர்போர்டே போய்விட்டது தம்பி, 4,000 ரூபாய் ஆகும் என்றார். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்பதே கவலையாக இருந்தது.

காலையில் கல்லூரிக்கு வந்ததும் ஆய்வக உதவியாளர் அண்ணனிடம் அழாத குறையாகச் சொன்னேன். அவர் பதற்றப்படவில்லை. மடிக்கணினியை அணைத்துவிட்டு மறுபடியும் உயிரூட்டினார். விண்டோஸ் எழும்புவதற்கு முன்பே எஃப் 2 விசையைத் தட்டிக்கொண்டே இருந்தார். நான் அதுவரை பார்த்திராத ஒரு திரை வந்தது. படமில்லை, அலங்காரம் இல்லை, வெறும் பட்டியல்! கேமரா, ஒலிவாங்கி, வைஃபை, புளூடூத், யு.எஸ்.பி. போர்ட்டுகள் என்று மடிக்கணினியில் உள்ள உறுப்புகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றுக்கும் எதிரே அது இயங்கலாமா கூடாதா என்ற குறிப்பு. யு.எஸ்.பி. போர்ட்டுக்கு எதிரே மட்டும் முடக்கப்பட்டது என்று இருந்தது. முன்பு அதை வைத்திருந்தவர்கள், தங்கள் கோப்புகள் பென் டிரைவில் ஏறி வெளியே போய்விடக் கூடாது என்று முடக்கியிருப்பார்கள் என்றார் அண்ணன். நல்ல வேளை, அந்தத் திரைக்குக் கடவுச்சொல் எதுவும் போடப்பட்டிருக்கவில்லை. அவர் அந்த ஒரு சொல்லை மாற்றினார். எஃப் 10 விசையை அழுத்திச் சேமித்தார். மடிக்கணினி மீண்டும் கண் திறந்தது. பென் டிரைவின் சிறு விளக்கும் மின்னியது. என் 4,000 ரூபாயும் பிழைத்தது!

தேர்வு முடிந்த பிறகு ஒரு கேள்வி என் மனத்தைக் குடைந்தது. விண்டோஸ் விழிப்பதற்கு முன்பே விழித்துக்கொண்டு, எந்த வாசல் திறந்திருக்கலாம், எந்த வாசல் மூடியிருக்க வேண்டும் என்று கட்டளையிடும் அந்தத் திரை யாருடையது? அதற்குப் பயாஸ் என்று பெயர் என அண்ணன் சொன்னார். இன்றைய மடிக்கணினிகளில் அதன் இடத்தில் யு.இ.எஃப்.ஐ. என்னும் புதிய முறை வந்துவிட்டது. ஆயினும் பழைய பெயரே எல்லார் வாயிலும் நிற்கிறது. அடிப்படை உள்ளீட்டு வெளியீட்டு முறைமை என்பதன் சுருக்கம் அது. அந்தப் பெயரையும் அதன் பின்னே இருக்கும் கருத்தையும் உலகுக்குத் தந்தவரைத் தேடிப் போனபோது கிடைத்தவர்தான் கேரி கில்டால். அவர் நம்மைப் போலக் கல்லூரி வகுப்பறையில் வாழ்ந்தவர். ஆம், அவர் ஓர் ஆசிரியர்!

கேரி கில்டால் 1942-ஆம் ஆண்டு மே மாதம் 19-ஆம் நாள் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பிறந்தார். கடலோர நகரம் அது. அவருடைய குடும்பத்தார் அங்கே ஒரு மாலுமிக் கல்வி நிலையம் நடத்தி வந்தனர். சூரியனையும் விண்மீன்களையும் அளந்து, நடுக்கடலில் கப்பல் நிற்கும் இடத்தைக் கணக்கிடும் கலை அங்கே கற்பிக்கப்பட்டது. பள்ளியில் கில்டால் முதல் வரிசை மாணவர் அல்லர். மோட்டார் வண்டிகளையும் மின்கருவிகளையும் பிரித்துப் பூட்டுவதிலேயே அவருக்கு நாட்டம். பின்னர்க் குடும்பத்தின் கல்வி நிலையத்தில் பாடம் சொல்லித் தரும் வாய்ப்புக் கிடைத்தது. அதில் கணிதத்தின் சுவை பிடித்துப்போய், கணித ஆசிரியராக வேண்டும் என்னும் ஆசையுடன் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே கணிப்பொறி அவரை ஆட்கொண்டது. 1972-இல் கணிப்பொறி அறிவியலில் முனைவர் பட்டம் பெற்றார். நிரல்களைச் செம்மைப்படுத்தும் வழிபற்றி 1973-இல் அவர் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை, மொழிமாற்றிகளைப்பற்றிப் படிப்போர் இன்றும் அறிந்திருக்க வேண்டிய ஒன்றாகும்.

வியட்நாம் போர் நடந்த காலம் அது. இளைஞர்கள் படைக்கு அழைக்கப்பட்டனர். கில்டால் கடற்படைக்குச் சென்றார். ஆனால் துப்பாக்கிக்குப் பதில் சுண்ணக்கட்டியைப் பிடித்தார். கலிபோர்னியா மாநிலத்தில் மான்டரே என்னும் ஊரில் உள்ள கடற்படை முதுநிலைக் கல்லூரியில் கணிப்பொறி கற்பிக்கும் பணி அவருக்குக் கிடைத்தது.

1971-இல் இன்டெல் நிறுவனம் 4004 என்னும் நுண்செயலியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அந்நாளில் கணிப்பொறி என்றால் ஓர் அறையை அடைத்துக்கொள்ளும் பெரும் பொறி. விரல் நுனியில் ஒட்டிக்கொள்ளும் ஒரு சில்லில் கணிப்பொறியின் மூளை அடங்கும் என்பதைப் பலர் விளையாட்டாகவே எண்ணினர். கில்டாலோ அதில் தம் தந்தையின் கனவைக் கண்டார். கடற்பயணக் கணக்குகளைத் தானே போட்டுத் தரும் பெட்டி ஒன்று வேண்டும் என்பது தந்தையின் நெடுநாள் ஆசை. மகன் அந்தச் சிறு சில்லுக்குச் சைன், கொசைன் கணக்குகளைக் கற்றுக்கொடுக்க முனைந்தார். அம்முயற்சியால் இன்டெல் நிறுவனத்துக்கு ஆலோசகரானார். அந்நிறுவனத்தின் நுண்செயலிகளுக்காகப் பி.எல்./எம். என்னும் நிரல்மொழியையும் படைத்தார்.

1974-இல் அவர் செய்த வேலைதான் அவர் பெயரை நிலைக்க வைத்தது. அவரிடம் ஒரு நெகிழ்தட்டு இயக்கி இருந்தது. அதைச் சிறு கணிப்பொறியோடு இணைக்கும் கட்டுப்பாட்டுப் பலகை இல்லை. தாமே செய்து பார்த்தார், கைகூடவில்லை. மென்பொருளில் கைதேர்ந்தவர் மின்சுற்றில் தோற்றார். பல்கலைக்கழக நண்பர் ஜான் டொரோடு அப்பலகையைச் செய்து தந்தார். கில்டால் அதற்குரிய இயக்க முறைமையை எழுதினார். அதன் பெயர் சி.பி./எம். இன்டெல் அதை வாங்கிக்கொள்ள முன்வரவில்லை. கில்டாலும் அவர் மனைவி டோரதியும் பசிபிக் குரோவ் என்னும் சிற்றூரில் டிஜிட்டல் ரிசர்ச் என்னும் நிறுவனத்தைத் தொடங்கி, பிரதி ஒன்று 70 டாலர் என்று தாங்களே விற்றனர்.

இங்கேதான் நான் சொல்ல வந்த செய்தி வருகிறது. அந்நாளில் சிறு கணிப்பொறி செய்வோர் தெருவுக்கு ஒருவராக முளைத்தனர். ஒருவர் பொறியைப்போல் மற்றவர் பொறி இராது. ஒன்றில் தட்டச்சுப் பொறி முனையம், மற்றொன்றில் திரை. ஒன்றில் ஒருவகைத் தட்டு இயக்கி, மற்றொன்றில் வேறுவகை. ஒவ்வொரு பொறிக்கும் ஏற்ப கில்டால் தம் முறைமையை மாற்றி எழுதிக்கொண்டே இருந்தார். 1976 வாக்கில் இம்சாய் என்னும் நிறுவனத்தின் கணிப்பொறிக்கும் மாற்றித் தர வேண்டும் என்ற கோரிக்கை வந்தது. மீண்டும் அதே வேலையா என்று அவருக்குச் சலிப்பு ஏற்பட்டது. சலிப்பிலும் சிலருக்கு அறிவு பிறக்கிறது!

தம் நிரலின் நடுவே அவர் ஒரு கோடு போட்டார். கோட்டுக்கு மேலே, எல்லாக் கணிப்பொறிகளுக்கும் பொதுவான பகுதி: கோப்புகளைத் தேடுவது, பெயரிடுவது, அழிப்பது போன்றவை. கோட்டுக்குக் கீழே, பொறிக்குப் பொறி மாறும் பகுதி: ஓர் எழுத்தை விசைப்பலகையிலிருந்து வாங்குவது, ஓர் எழுத்தைத் திரைக்கு அனுப்புவது, தட்டில் ஒரு துண்டைப் படிப்பது, எழுதுவது போன்ற சிறு பணிகள். பின்னர் வந்த சி.பி./எம். 2.2 பதிப்பில் இத்தகைய பணிகள் மொத்தம் 17 மட்டுமே. இந்தக் கீழ்ப்பகுதிக்குத்தான் பயாஸ் என்று பெயர் வைத்தார். புதிய கணிப்பொறி செய்வோர் அந்தச் சிறு பகுதியை மட்டும் தம் பொறிக்கேற்ப எழுதிக்கொண்டால் போதும்; மேற்பகுதியில் கை வைக்க வேண்டாம். வீட்டுக்குப் புதுக் கதவு போடக் கூரையைப் பிரிக்க வேண்டியதில்லை அன்றோ?

அந்தப் பழைய முறைமையில் என் மடிக்கணினித் திரையின் மூதாதையையும் கண்டேன். நினைவகத்தில் 3 என்னும் முகவரியில் ஒரே ஒரு பைட் ஒதுக்கப்பட்டிருந்தது. ஒரு பைட் என்றால் 8 பிட். அதை இரண்டிரண்டாகப் பிரித்தால் நான்கு பங்கு. முனையம், படிப்பி, துளைப்பி, அச்சுப்பொறி ஆகிய நான்கு பெயர்களுக்கும் பங்குக்கு ஒன்று. இரண்டு பிட்டால் நான்கு நிலைகளைக் குறிக்கலாம் என்பது நாம் முதலாண்டில் படித்த பாடம். எனவே ஒவ்வொரு பெயரையும் நான்கு கருவிகளுள் ஒன்றோடு பிணைக்க முடிந்தது. பயாஸ் எழுதியவர் அந்த ஏற்பாட்டைச் சேர்த்திருந்தால், பயன்படுத்துவோர் ஸ்டாட் என்னும் கட்டளையை இட்டு, அச்சுக்குப் போக வேண்டியதைத் திரைக்கும், திரைக்குப் போக வேண்டியதை வேறு போர்ட்டுக்கும் மாற்றி விடலாம். நிரலுக்கு அது தெரியவே வேண்டாம்! போர்ட் என்றால் துறைமுகம் என்பது பொருள். மாலுமிகளின் வீட்டில் பிறந்தவர், எந்தச் சரக்கு எந்தத் துறையில் இறங்க வேண்டும் என்பதைக் கப்பலிடம் கேட்காமலே மாற்றும் ஏற்பாட்டைத் தம் முறைமையில் வைத்திருந்தார் என்பது எத்துணைப் பொருத்தம்!

பின்பு வந்தவர்கள் அந்தக் கோட்டின்மீதே நடந்தனர். 1981-இல் வந்த ஐ.பி.எம். தனியாள் கணிப்பொறியில் பயாஸ் ஒரு சில்லிலேயே பதிந்து வந்தது. எவ்வளவு நினைவகம், எத்தனை தட்டு இயக்கி என்பதைப் பலகையில் உள்ள குட்டிச் சுவிட்சுகளைத் தள்ளித் தெரிவிக்க வேண்டும். 1984-இல் வந்த ஏ.டி. மாதிரியில், மின்கலத்தால் உயிர் வாழும் ஒரு சிறு நினைவகத்தில் அக்குறிப்புகள் எழுதப்பட்டன. அவற்றை எழுதும் அமைவு நிரல் தனித் தட்டில் வந்தது. பிறகு அந்த நிரலும் சில்லுக்குள்ளேயே குடியேறியது. திறந்து சுவிட்ச் தள்ள இடமில்லாத மடிக்கணினிக்கு அதுவே வழியாயிற்று. தொடர் போர்ட்டுக்கு எந்த முகவரி, அச்சுப்பொறிப் போர்ட்டுக்கு எந்த முறை, யு.எஸ்.பி. திறப்பா மூடலா என்று எல்லாம் விசைத் தட்டலில் முடியும் காலம் வந்தது.

இவ்வளவு செய்தவரை உலகம் எதற்காக நினைவில் வைத்திருக்கிறது? ஒரே ஒரு நாளுக்காக! 1980-இல் ஐ.பி.எம். நிறுவனத்தார் தங்கள் புதிய கணிப்பொறிக்கு இயக்க முறைமை கேட்டுப் பசிபிக் குரோவுக்கு வந்தனர். அன்று காலை கில்டால் தம் சொந்த விமானத்தில் வேறொரு வாடிக்கையாளரைக் காணத் தொழில் நிமித்தமாகச் சென்றிருந்தார். இரகசியம் காக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்படி வந்தவர்கள் கேட்டதும், டோரதி தயங்கினார். உடன்பாடு கைகூடவில்லை. வாய்ப்பு மைக்ரோசாஃப்ட் நிறுவனத்துக்குப் போயிற்று. அந்நிறுவனம் வாங்கி அளித்ததோ, டிம் பேட்டர்சன் என்பவர் சி.பி./எம். கட்டளை அமைப்பை ஒட்டி எழுதிய முறைமை! கில்டால் மனம் நொந்து முறையிட்டார். ஐ.பி.எம். அவருடைய முறைமையையும் விற்க ஒப்புக்கொண்டது. ஆனால் மற்றது 40 டாலர், இவருடையது 240 டாலர். சந்தையில் எது விலை போயிருக்கும் என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

விமானத்தில் உல்லாசமாகப் பறந்து கோடிகளைத் தொலைத்தவர் என்ற கதை அன்று முதல் அவரைத் துரத்தியது. அவரோ ஓய்ந்துவிடவில்லை. 1980-களில் கணிப்பொறிபற்றிய தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில் இணைத் தொகுப்பாளராக அமர்ந்து, பொதுமக்களுக்குப் பாடம் சொன்னார். அவர் தொடங்கிய மற்றொரு நிறுவனம் 1985-இல் ஒரு கலைக்களஞ்சியம் முழுவதையும் ஒரே குறுந்தட்டில் அடக்கிக் காட்டியது. 1991-இல் டிஜிட்டல் ரிசர்ச் நிறுவனத்தை நோவெல் வாங்கியது. பணத்துக்குக் குறைவில்லை, மனத்தின் காயம்தான் ஆறவில்லை. 1994-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 11-ஆம் நாள், தலையில் அடிபட்ட மூன்றாம் நாள், மான்டரேயில் அவர் உயிர் பிரிந்தது. அப்போது அவருக்கு வயது 52. இருபது ஆண்டுகள் கழித்து, 2014-இல், அவர் நிறுவனம் இயங்கிய பசிபிக் குரோவ் வீட்டின் முன்னே மின்பொறியாளர் கழகத்தார் ஒரு நினைவுப் பலகையைப் பதித்தனர்.

நண்பர்களே, கோடு போடச் சொன்னால் ரோடு போடுகிறான் என்று கெட்டிக்காரர்களை ஊரில் புகழ்வார்கள். ரோடு போட்டவர்களின் பெயரையும் செல்வத்தையும் நாம் நன்றாக அறிவோம். முதலில் கோடு போட்டவர் யார் என்று கேட்பவர் சிலரே. மாறுவது எது, மாறாதது எது என்று பிரித்துக் காட்டினார் கில்டால். மாறுவதைச் சிறிதாக்கி, பிறர் கையில் கொடுத்தார். பெரியதைத் தொடாமல் சிறியதைத் திருத்தினால் போதும் என்னும் அந்தப் பாடம்தான் என் அம்மாவின் பணத்தைக் காப்பாற்றியது. கில்டாலின் பெயரை அறியாமலே அந்தப் பாடத்தை அறிந்திருந்த எங்கள் ஆய்வக அண்ணனும் எனக்கு ஆசிரியரே.

உங்கள் மடிக்கணினியில் ஏதேனும் ஒரு வாசல் மூடிக்கொண்டால், கடைக்கு ஓடுமுன் ஒருமுறை அந்தத் திரையைத் திறந்து பாருங்கள். சில பொறிகளில் எஃப் 2, சிலவற்றில் டெலீட், சிலவற்றில் எஃப் 10. பொருள் புரியாத வரியில் கை வைக்க வேண்டாம். மாற்றுமுன் பழைய நிலையைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் பட்டியலைப் பார்க்கும்போது, ஒரு கல்லூரி ஆசிரியர் சலிப்போடு போட்ட அந்தக் கோட்டையும் ஒரு கணம் நினைத்துக்கொள்ளுங்கள்.