டென்னிஸ் அரசி சுஸான் லெங்லென்

நமது காலனி இன்ஸ்டிட்யூட் மைதானத்தில் மாலைதோறும் டென்னிஸ் ஆடும் இளைஞர்களில் விம்பிள்டன் என்ற பெயரைக் கேள்விப்படாதவர் எவருமிலர். அந்த விம்பிள்டனின் பழைய மைதானத்தில் இடம் போதாதபடி ஜனங்களைத் திரட்டிய ஒரு பெண்மணியின் சரித்திரத்தை அறிந்தவர் மிகச் சிலரே. அதனைச் சங்க அன்பர்கள் முன் வைக்க விழைகிறேன்.

சுஸான் லெங்லென் 1899ஆம் ஆண்டு மே மாதம் 24ஆம் நாள் பாரிஸ் நகரில் பிறந்தார். தந்தையார் ஷார்ல் லெங்லென் குதிரை வண்டிக் கம்பெனி ஒன்றை நடத்தியவர். நோஞ்சான் குழந்தையான மகளின் உடல் தேறட்டும் என்றெண்ணி 1910இல் அவர் ஒரு டென்னிஸ் மட்டை வாங்கித் தந்தார். மகளின் திறமையைக் கண்டதும் தாமே ஆசானானார். மைதானத்தில் ஒரு கைக்குட்டையை விரித்து, பந்தை அதன்மேல் விழச் செய்யுமாறு பணிப்பார். தொடர்ந்து விழுமாயின் துணியை இன்னும் சிறிதாக மடித்து வைப்பார். தவறினால் பெற்றோர் இருவருமே கடிந்து கொள்வர். இவ்விதம் வளர்க்கப்பட்ட பிள்ளைக்கு ஆட்டம் வாய்த்தது. மன அமைதி வாய்க்கவில்லை. பிற்காலத்தில் அவர் அடிக்கடி கண்ணீர் விட்டதற்கும் நோயுற்றதற்கும் இதுவே வித்து என்பது என் அபிப்பிராயம்.

பதினைந்து வயது நிரம்பிய சில நாட்களில், 1914இல், பாரிஸில் நடந்த உலகக் களிமண் மைதானப் போட்டியில் வாகை சூடினார். உடனே மகாயுத்தம் மூண்டது. ஐந்தாண்டுகள் கழித்து 1919இல்தான் விம்பிள்டனுக்கு வந்தார். இறுதி ஆட்டத்தில் எதிரே நின்றவர் ஏழு முறை வென்ற நாற்பது வயது லாம்பெர்ட் சேம்பர்ஸ் அம்மையார். அரசரும் அரசியும் பார்த்திருக்க, மூன்றாம் செட்டில் இருமுறை தோல்வியின் விளிம்பு வரை சென்றார் சுஸான். ஒருமுறை பந்து மட்டையின் மரச்சட்டத்தில் பட்டு, வலையின் மேல் விளிம்பைத் தொட்டு அப்பால் விழுந்ததாம்! முடிவில் 10-8, 4-6, 9-7 என்று வென்றார். களைத்த வேளையில் தந்தையார் பிராந்தியில் நனைத்த சர்க்கரைக் கட்டிகளை வீசித் தந்தது அக்காலத்துப் பெரும் பேச்சு.

அதன்பின் 1923 வரை ஆண்டுதோறும், மறுபடி 1925இலும், விம்பிள்டன் பட்டம் அவருக்கே. 1920 ஆண்ட்வெர்ப் ஒலிம்பிக்கிலும் தங்கப் பதக்கம் பெற்றார். பெண்கள் இறுகிய கச்சும் நீண்ட பாவாடையும் அணிந்து ஆடிய நாளில், குட்டைக் கையும் முழங்காலுக்குச் சற்றே கீழிறங்கிய பாவாடையும் தலையில் பட்டுப் பட்டியுமாக வந்தார். முதலில் முகஞ்சுளித்தவர்களே பின்னர் அவரைப் பின்பற்றினர். 1922இல் விம்பிள்டன் பெரிய மைதானத்திற்கு மாறியதற்கு அவரைக் காண வந்த கூட்டமும் ஒரு காரணம்.

1926 பிப்ரவரி 16இல் கான் நகரில் அமெரிக்க யுவதி ஹெலன் வில்ஸுடன் ஆடினார். கூரைகளிலும் மரங்களிலும்கூட ஜனங்கள் ஏறியிருந்தனர். இரண்டாம் செட்டில் ஹெலன் அடித்த ஒரு பந்து வெளியே என்று குரல் எழுந்தது. ஆட்டம் முடிந்ததென இருவரும் கைகுலுக்கினர். அக்குரல் தம்முடையதன்று என்றார் கோட்டைக் கவனித்த நடுவர்! ஆட்டம் மீண்டும் தொடங்கிற்று. வென்றுவிட்டோம் என்று தளர்ந்த நெஞ்சை மறுபடி இறுக்கிக் கொள்வது எளிதா? அந்த கேமைத் தோற்றும் 6-3, 8-6 என்று வென்றார்.

அதே ஆண்டு விம்பிள்டனில் விபரீதம் நேர்ந்தது. ஆட்ட நேரம் குறித்த குழப்பத்தால் அவர் தாமதித்து வந்தார். அரசியார் காத்திருந்தாராகையால் அது அவமதிப்பாகக் கருதப்பட்டது. மனமுடைந்த அவர் போட்டியிலிருந்தே விலகினார். பின் ஒருபோதும் அங்கு ஆடவில்லை.

அவ்வாண்டே அமெரிக்கரான பைல் என்பவரிடம் 50,000 டாலருக்கு ஒப்பந்தம் செய்து தொழில்முறை ஆட்டக்காரரானார். அக்டோபர் 9ஆம் நாள் நியூயார்க்கில் தொடங்கிய சுற்றுப்பயணத்தில் மேரி பிரௌன் அம்மையாரை எதிர்த்து 38 ஆட்டங்கள் ஆடி, ஒன்றிலும் தோற்றாரில்லை. அமெச்சூர் உலகமோ அவருக்குக் கதவடைத்தது; விம்பிள்டன் கிளப் கௌரவ அங்கத்தினர் பதவியையும் பறித்தது. டிக்கட் வசூல் முழுவதும் கிளப்புகளுக்கும், வெறும் கோப்பை ஆடுகிறவருக்கும் என்ற நியதி பணக்காரருக்கே ஏற்றது என்பது அவரது வாதம். மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்தும் நமக்கு அதில் தவறு தெரியவில்லை. உழைப்பிற்குக் கூலி கேட்பது எவ்விதத்தில் இழுக்காகும்?

பின்னர் பாரிஸில் டென்னிஸ் பள்ளி நடத்தினார். 1938 ஜூலை 2இல் ஹெலன் வில்ஸ் எட்டாம் முறையாக விம்பிள்டனில் வென்றார். இரண்டு நாட்களுக்குப் பின், ஜூலை 4இல், கொடிய ரத்தசோகையால் சுஸான் காலமானார். வயது 39.

விம்பிள்டன் தொழில்முறை ஆட்டக்காரருக்குக் கதவு திறந்தது 1968இல். அவ்வாண்டு வென்ற பெண்மணி பில்லி ஜீன் கிங்குக்குக் கிடைத்த பரிசு 750 பவுன்; ஆடவருள் வென்ற ராட் லேவருக்கு 2,000 பவுன்.